பொறிக்குச் சொல் எதற்கு?

அச்சுப்பொறி ஒன்று, அதன்முன் காத்துக்கிடக்கும் பணிகள் பல. அவ் வரிசை நகர்கின்றதா, நின்றுவிட்டதா என்று கணிப்பொறியே இடையிடையே பார்த்துச் சொல்லுமாறு கட்டளைநிரல் எழுதி வைப்பது இன்று பல அலுவலகங்களில் உள்ள வழக்கம். ஆளில்லா இரவில் ஆயிரம் தாள் அச்சாகவேண்டிய இடத்தில் இஃது இன்றியமையாதது. ஆனால் அந் நிரலை எழுதுவோருள் பலர், பொறியின் நிலையைக் கேட்பதில்லை. அது உதிர்க்கும் ஆங்கிலச் சொல்லைத் தேடுகின்றனர்.

யூனிக்சு வழிவந்த 'எல்பிசுடாட்டு' என்னும் கட்டளையை எடுத்துக்கொள்க. லினக்சுக் கணிப்பொறிகளில் அச்சுப்பணியை ஆளும் கப்சு என்னும் மென்பொருளிலும் அஃது உண்டு. பொறி ஓய்ந்திருப்பின் 'ஐடில்' என்றும், நிறுத்தப்பட்டிருப்பின் 'டிசேபிள்டு' என்றும் ஆங்கிலச் சொற்றொடர் ஒன்றை எழுதிக் காட்டும். பின்னதைக் கண்டால் கேடு, காணாவிடின் நலம் என்று நிரல் முடிவு கட்டும். கணிப்பொறியின் மொழியைச் செருமானியமாக மாற்றின் நேர்வது என்ன? எல்பிசுடாட்டும் செருமானியத்திலேயே விடை சொல்லும். ஆங்கிலச் சொல்லைத் தேடும் நிரல் அதனைக் காணாமையால், எல்லாம் ஒழுங்காக உள்ளன எனக் கருதி வாளா இருக்கும். விடியும்போது வரிசையில் பணிகள் குவிந்து கிடக்கும். தாள் ஒன்றும் வெளிவந்திராது.

இதற்கு நிரலர் கூறும் கைம்மருந்து, 'எல்சி-ஆல்' என்னும் சூழல்மாறியில் 'சி' என்று இட்டு விடையை ஆங்கிலத்திற்கே திருப்புவதாகும். அவ் வொரு கட்டளைக்கு மட்டும் இட்டால் தீங்கில்லை. கணிப்பொறி முழுவதையுமே ஆங்கிலத்தில் வைத்துக்கொள்க என்பாரும் உளர். நிரல் அரைகுறையாய் எழுதப்பட்டதற்காக, அதன்முன் அமர்ந்து உழைப்பவன் தன் மொழியை இழக்கவேண்டுமாம்! செருப்புக்கேற்பக் காலைத் தறிக்கும் வேலை இது.

குறையின் வேர் பழைய நெறிமுறையிலேயே உள்ளது. 1990-இல் எழுத்தில் வடித்து வெளியிடப்பெற்ற எல்பிடி நெறிமுறைப்படி வரிசையின் நிலையைக் கேட்டால் வருவது வெறும் எழுத்தோடை. எச் சொல் எவ் விடத்தில் நிற்கவேண்டும் என்ற வரையறை அதில் இல்லை. பின்னர் வந்ததும், கப்சு மேற்கொண்டதுமான ஐபிபி நெறிமுறையோ பொறிக்குரியதையும் மாந்தர்க்குரியதையும் பிரித்துவிட்டது. அதில் அச்சுப்பொறியின் நிலை ஓர் எண்: 3 எனின் ஓய்வு, 4 எனின் அச்சிடுகின்றது, 5 எனின் நின்றுவிட்டது. பணிக்கும் அவ்வாறே: 3 காத்திருப்பு, 5 நடக்கின்றது, 8 இடையில் முறிந்தது, 9 முடிந்தது. மாந்தர் படிக்கும் செய்தி தனியே வரும். அஃது எம் மொழியில் வேண்டும் என்று ஒவ்வொரு வேண்டுகோளிலும் குறித்தே ஆகவேண்டும். தாள் தீர்ந்தது, சிக்கியது என்பன போலும் கரணியங்கள் ஆங்கிலக் குறிகளாகவே உள்ளன என்பது மெய். ஆயினும் அக் குறிகள் எம் மொழிச் சூழலிலும் மாறா. திரையிற் காட்டும்போது பெயர்த்துக்கொள்ளலாம்.

கப்சுடன் வரும் 'ஐபிபிடூல்' கொண்டோ, பைத்தானுக்குரிய 'பைகப்சு' கொண்டோ நிலையைக் கேட்கலாம். பின்னது இவ் வெண்களையே நேராகத் தரும். வேண்டுவது சில வரி உழைப்பே.

இன்னொன்று. அச்சுக்கு அனுப்பும் 'எல்பி' கட்டளை வெற்றி என்று திரும்பினால், பணி வரிசையில் ஏற்கப்பட்டது என்பதே பொருள், அச்சாயிற்று என்பதன்று. நிறுத்தப்பட்ட பொறியின் வரிசையும் பணியை ஏற்றுக்கொண்டே இருக்கும். ஆதலின் பணியின் எண்ணையும் கேட்டல் வேண்டும். 9 வந்த பின்னும், தன் நிலையைத் திருப்பிச் சொல்லாத பழம்பொறியாயின், எல்லாம் அனுப்பியாயிற்று என்பதற்கு மேல் அவ் வெண் ஒன்றும் உணர்த்தாது. தட்டில் தாள் விழுந்ததா என்று போய்ப் பார்க்கத்தான் வேண்டும்.