அறக்கட்டளை லாக்கரை யார் திறப்பது?

விழுப்புரத்திலோ திண்டிவனத்திலோ ஓர் அறக்கட்டளை தன் நகைகளையும் நில ஆவணங்களையும் வங்கி லாக்கரில் வைத்தால், அதை அறங்காவலர் ஒருவரே தனியாகத் திறக்க விடக்கூடாது. உள்ளே என்ன இருக்கிறது என்பது வங்கிக்குத் தெரியாது. பதிவேடு வந்தவரையும் நேரத்தையும் மட்டுமே சொல்லும். 1882ஆம் ஆண்டின் இந்திய அறக்கட்டளைகள் சட்டம், 48ஆம் பிரிவில், அறக்கட்டளைப் பத்திரம் வேறுவிதமாகச் சொல்லாதவரை அறங்காவலர்கள் அனைவரும் சேர்ந்தே செயல்பட வேண்டும் என்கிறது. அது தனியார் அறக்கட்டளைகளுக்கான சட்டம்தான். ஆனால் ஊர்ச் சொத்துக்கு அதைவிடக் குறைந்த காவல் எப்படிப் போதும்? முதியவர்களையும் வெளியூரில் இருப்பவர்களையும் ஒவ்வொரு முறையும் கூட்ட முடியாது என்பது நியாயமான தடைதான். இருவர் சேர்ந்து திறக்கலாம் என்று பத்திரத்திலேயே எழுதிவைத்தால் அது தீரும். லாக்கர் திறந்த அன்றே, பதிவான கைபேசிக்குக் குறுஞ்செய்தி போக வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் 2021 விதி. அந்த எண் சாவி வைத்திருப்பவருடையதாக மட்டும் இருந்தால் யாருக்குப் பயன்? அறங்காவலர் எல்லோருக்கும் அந்தச் செய்தி போக வங்கிகள் வழிசெய்ய வேண்டும்.