கதவடைத்தோர் கட்டிய ஆட்சி

உலகத்தையே ஒரு மாளிகைக்குள் உட்கார்ந்துகொண்டு ஆட்டிப் படைக்கிறார்களாம் சில சீமான்கள்! ஐரோப்பியரும் அமெரிக்கரும் கூடிப் பேசுகிற பில்டர்பெர்க் குழுவைப் பற்றி இப்படியொரு பேச்சு, கீழ்பென்னாத்தூர்த் தேநீர்க் கடை வரையில் வந்து சேர்ந்திருக்கிறது. போர் மூள்வதும் அவர்களாலே, பொன் விலை ஏறுவதும் அவர்களாலே என்று அடித்துப் பேசுகிறார்கள் தோழர்கள் சிலர். அச்சம் வேண்டாம். அங்கே மாயமும் இல்லை, மந்திரமும் இல்லை. அழைக்கப்பட்டவர்கள் 120 முதல் 150 பேர் வரை, தீர்மானம் கிடையாது, வாக்கெடுப்பு கிடையாது. யார் என்ன சொன்னார் என்பதை வெளியே சொல்லக்கூடாது என்ற விதி மட்டும் உண்டு.

அச்சம் வேண்டாம் என்றால், அக்கறையும் வேண்டாம் என்பது பொருளல்ல. அந்தக் குழுவின் தலைமை நாற்காலியில் அமர்பவர் யார்? அமர்த்தியவர் யார்? அவர் எவருக்குக் கணக்குக் காட்டக் கடமைப்பட்டவர்? கேட்க வேண்டிய கேள்விகள் இவை. கேட்கும் உரிமை நமக்குத் தாராளமாக உண்டு. ஏனெனில், இப்படிக் கதவடைத்துப் பேசிய ஒரு குழுவின் பேச்சு, ஒரு காலத்தில் சட்டமாகி நம் ஏரி மதகு வரையில் வந்து நின்றிருக்கிறது.

லயனல் கர்ட்டிஸ் என்றொரு வெள்ளைக்காரர். தென்னாப்பிரிக்காவில் மில்னர் பிரபுவின் கீழ் வேலை பார்த்த இளைஞர் பட்டாளத்தில் ஒருவர். டிரான்ஸ்வாலில் வாழ்ந்த ஆசியர்களெல்லாம் கைரேகை வைத்துப் பதிந்துகொள்ள வேண்டும் என்று 1906இல் வந்த கறுப்புச் சட்டத்துக்கு வித்திட்டவர்களில் இவரும் ஒருவர். அந்தச் சட்டத்தை எதிர்த்துச் சிறை சென்று, நோயுற்று, 1909இல் மாண்ட நாகப்பன் நம் தமிழ் இளைஞன்!

அதே 1909இல் கர்ட்டிசும் அவருடைய கூட்டாளிகளும் பிரிட்டனில் ஒரு குழு அமைத்தார்கள். அதன் பெயர் வட்டமேசை. (பின்னாளில் 1930 முதல் 1932 வரை நடந்த வட்டமேசை மாநாடு வேறு, குழப்பிக் கொள்ள வேண்டாம்.) சாம்ராஜ்யம் சரிந்துவிடாமல் முட்டுக் கொடுப்பது எப்படி என்று ஆராய்வது இவர்கள் தொழில். ஏடு ஒன்று நடத்தினார்கள். கட்டுரைகளில் எழுதியவர் பெயர் இராது. கனடாவில் ஒரு கிளை, ஆஸ்திரேலியாவில் ஒரு கிளை, இந்தியாவிலும் சில. கர்ட்டிசை அவர் தோழர்கள் ‘தீர்க்கதரிசி’ என்றே அழைத்தார்கள். தேர்தலில் நின்று தலைவரானவரல்ல அவர். தீர்க்கதரிசிக்குத் தேர்தல் எதற்கு?

1916இல் இந்தியா வந்த இந்தத் தீர்க்கதரிசி, தம் குழுவின் பத்திராதிபர் பிலிப் கெருக்கு ஒரு கடிதம் எழுதினார். குழுவினருக்காக அச்சிடப்பட்ட அந்தக் கடிதம் எப்படியோ கைமாறி, இந்திய ஏடுகளில் வெளியாகிவிட்டது. ஐக்கிய மாகாணத்தை ஆண்ட மெஸ்டன், மாரிஸ் என்னும் அதிகாரி ஆகியோரின் பெயர்கள் அதில் இருந்தன. பொங்கி எழுந்தது நாடு. எங்கள் தலையெழுத்தை எங்கள் அதிகாரிகளோடு சேர்ந்து எழுத நீ யார் என்று கேட்டது. டிசம்பரில் லக்னோவில் கூடிய காங்கிரசிலும் அதே பேச்சு. அதே டிசம்பரில் லண்டனில் நடந்தது என்ன? மில்னர் பிரபு போர்க்கால மந்திரிசபைக்குள் நுழைந்தார். பிலிப் கெர் பிரதமர் லாயிட் ஜார்ஜின் செயலாளரானார். அறைக்குள் பேசியவர்கள் அரண்மனைக்குள் புகுந்தார்கள்.

குழுவின் ஆராய்ச்சி வட்டத்துக்காக வில்லியம் டியூக் என்பவர் எழுதிய திட்டமும், கர்ட்டிசின் பிரச்சாரமும் 1919ஆம் ஆண்டுச் சட்டத்துக்குள் இடம் பிடித்தன. அதுதான் இரட்டையாட்சி. கர்ட்டிஸ் ஒருவரே அதைப் பெற்றார் என்று சொல்லமாட்டேன். ஆனால் பெயர் சூட்டு விழாவை நடத்தியவர் அவர்தான்.

இரட்டையாட்சி எப்படிப்பட்டது? கல்வி, சுகாதாரம், விவசாயம், உள்ளாட்சி ஆகியவை மக்கள் மந்திரிகளுக்கு. பணப்பெட்டி, போலீஸ், நிலவரி, பாசனம் ஆகியவை கவர்னரின் ஆட்களுக்கு. சமைக்கிற வேலை மருமகளுக்கு, பண்டசாலைச் சாவி மாமியார் இடுப்பில்!

சென்னை மாகாணத்தில் 1920 டிசம்பரில் சுப்பராயலு ரெட்டியார் தலைமையில் நீதிக்கட்சி மந்திரிசபை அமைந்தது. அதில் வளர்ச்சித் துறை மந்திரி கே. வி. ரெட்டி நாயுடு. இரட்டையாட்சியை ஆராய 1924இல் அமைந்த முடிமன் குழுவிடம் அவர் கொட்டிய குமுறல் வரலாற்றில் நின்றுவிட்டது: வளர்ச்சிக்கு மந்திரி, ஆனால் காடு என்னிடம் இல்லை, விவசாயத்துக்கு மந்திரி, பாசனம் என்னிடம் இல்லை, தொழிலுக்கு மந்திரி, தொழிற்சாலையும் இல்லை, மின்சாரமும் இல்லை, தொழிலாளர் பிரச்சினையும் என் கையில் இல்லை.

ஏரியையும் கிணற்றையும் நம்பி நெல்லும் மணிலாவும் போடுகிற நம் பக்கத்து உழவனுக்கு இதை விளக்கவும் வேண்டுமா? ஏரி தூர்ந்துவிட்டது என்று மந்திரியிடம் மனுக் கொடுத்தால், “ஏரி என் இலாகா அல்ல” என்பார் விவசாய மந்திரி! கேலிக்கூத்து அல்லவா? இந்தக் கூத்து மாகாணங்களில் 1937 வரையில் நடந்தது. அந்த அரைக் கூரையின் கீழே நின்றுகொண்டும் 1921இல் வகுப்புரிமை ஆணையையும், அதே ஆண்டில் பெண்களுக்கு வாக்குரிமையையும், கோயில் சொத்துக்கும் கணக்குண்டு என்ற 1925ஆம் ஆண்டு அறநிலையச் சட்டத்தையும் கொண்டுவந்தார்களே, அது நீதிக்கட்சியின் ஆற்றல்; கர்ட்டிசின் கருணை அல்ல.

மனம்விட்டுப் பேசக் கதவடைப்பது குற்றமா என்று கேட்பார்கள் படித்தவர்கள். குற்றமல்ல. பெண் பார்க்கப் போன இடத்தில் பெரியவர்கள் தனியே பேசுவதில்லையா? ஆனால் பேசி முடித்த கையோடு, பெண்ணை ஒரு வார்த்தை கேளாமல் தாலி கட்டுவதுதான் குற்றம்.

கர்ட்டிஸ் அதோடு ஓயவில்லை. 1919இல் பாரிஸ் சமாதான மாநாட்டில், பிரிட்டிஷாரும் அமெரிக்கரும் கூடிப் பேச ஒரு நிலையம் வேண்டுமென்றார். அதிலிருந்து லண்டனில் சாத்தம் மாளிகை நிலையம் பிறந்தது. பேசியதை எடுத்துச் சொல்லலாம், பேசியவரைச் சொல்லாதே என்று 1927இல் அது வகுத்த விதியைத்தான் பில்டர்பெர்க் குழு இன்றும் கடைப்பிடிக்கிறது. கர்ட்டிஸ் மறைந்தது 1955இல். அதற்கு முந்தைய ஆண்டு மே மாதம் ஹாலந்தில் பில்டர்பெர்க் ஓட்டலில் அந்தக் குழு முதன்முதலாகக் கூடியது.

அதன் தலைவர் நாற்காலியில் அமர்ந்தவர்களைப் பாருங்கள். முதலில் ஹாலந்து அரசியின் கணவர் பெர்ன்ஹார்ட் இளவரசர், 22 ஆண்டுகள். பிறகு பிரிட்டனின் முன்னாள் பிரதமர் ஹியூம் பிரபு, மேற்கு ஜெர்மனியின் முன்னாள் ஜனாதிபதி ஷீல், வங்கிக்காரர் ரோல் பிரபு, பிரிட்டனின் முன்னாள் வெளிநாட்டு மந்திரி காரிங்டன் பிரபு. பின்னால் ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனியின் தலைவர். அரண்மனை, மந்திரிசபை, வங்கி, கம்பெனி! ஒரு சுரங்கத் தொழிலாளி உண்டா? ஒரு உழவர் சங்கத் தலைவர் உண்டா? ஊர்மக்கள் ஓட்டுப் போட்டு இவர்களில் எவரையும் அந்த நாற்காலியில் உட்கார வைக்கவில்லை. எனவே எழுப்பிவிடவும் ஊர்மக்களால் ஆகாது.

முதல் தலைவர் எழுந்து போனது எப்படி? 1976 பிப்ரவரியில் அமெரிக்க செனட்டின் விசாரணையில், லாக்ஹீட் விமானக் கம்பெனி பல நாடுகளில் கொடுத்த லஞ்சக் கணக்கு வெளியாயிற்று. 11 லட்சம் டாலர் பெற்றவர் என்று பெர்ன்ஹார்ட் பெயர் அடிபட்டது. அவ்வாண்டு நடக்கவிருந்த கூட்டமே நின்றுபோயிற்று; இளவரசர் தலைமையை விட்டு இறங்கினார். 22 ஆண்டுகளாக அவருக்கு எதிரே உட்கார்ந்திருந்த அறிஞர்களும் மந்திரிகளும் வங்கிக்காரர்களும் கேட்காத கணக்கு அது. கேட்டது, பத்திரிகைக்காரர்கள் அமர்ந்து குறிப்பெடுத்துக்கொண்டிருந்த ஒரு திறந்த மன்றம்.