தூரத்து மலைக்கு என்ன நிறம்?



"மகள் எந்நேரமும் மலையும் ஆறுமாகக் கீறிக்கொண்டிருக்கிறாள். படம் வரைவது ஹராம்தானே, சித்திரப் பாடத்தை நிறுத்திவிடட்டுமா?" என்று ஓர் உம்மா கேட்கிறார். நிறுத்த வேண்டாம். உருவம் செய்து பிழைத்த ஒருவரை இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் எச்சரித்தபோது, மரத்தையும் உயிரற்றவற்றையும் வரைந்துகொள்ள வழி விட்டது ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியிருக்கிறது. மலைக்கு உயிரில்லை. மலைகளில் வெண்மை, சிவப்பு, கருமை எனப் பல நிறப் பாதைகள் இருப்பதை ஃபாத்திர் அத்தியாயத்தின் 27ஆம் வசனமே நமக்குச் சுட்டிக் காட்டுகிறது. பாடத்தில் மனித உருவம் வரைய வேண்டி வந்தால் ஆசிரியையிடம் முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள்.

நம் கொச்சிக்கடையில் மலை ஏது என்பீர்கள். ஜனவரி, பெப்ரவரியில் வானம் தெளிந்த நாளாகப் பார்த்து, ஸுப்ஹு தொழுத கையோடு உயரமான மாடி ஒன்றில் பிள்ளையுடன் ஏறிக் கிழக்கே பாருங்கள். பாவா ஆதம் மலை தெரியக்கூடும். உயரம் 2243 மீட்டர். இங்கிருந்து நேர்கோட்டில் ஏறக்குறைய 70 கிலோமீட்டர். (ஆதம் நபியவர்கள் அங்கேதான் இறங்கினார்கள் என்பதற்குக் குர்ஆனில் ஆதாரமில்லை, அது வேறு விடயம்.)

அந்த மலைச் சரிவெல்லாம் காடு. ஆனாலும் கண்ணுக்குப் பச்சை தெரியாது, சாம்பல் கலந்த நீலம்தான். 1344இல் கடல்வழியாக இலங்கைக்கு வந்த இப்னு பதூதாவுக்கும் அது வானில் எழும் புகையைப் போலத்தான் தெரிந்திருக்கிறது. காரணம் காற்று. நமக்கும் மலைக்கும் இடையிலுள்ள காற்று ஒளியைச் சிதறடிக்கிறது, சிவப்பைவிட நீலத்தை அதிகமாக. தூரம் கூடக்கூட அந்த நீலத்திரை தடிக்கிறது. மலையின் சொந்த நிறம் மங்கிவிடுகிறது.

பிள்ளைகள் தவறுவது இங்கேதான். மலையில் மரமுண்டு என்று தெரிந்திருப்பதால் அதற்கும் முன்னால் நிற்கும் தென்னைக்கும் ஒரே பச்சையைப் பூசுகிறார்கள். மலை வந்து தென்னையில் ஒட்டிக்கொள்கிறது! வானத்திலிருந்து தொடங்கச் சொல்லுங்கள். கடைசி மலைக்கு நீலத்தில் துளி கபில நிறம், தண்ணீர் நிறைய. அது நன்றாகக் காய்ந்த பிறகே அடுத்த மலை. அதற்குத் தண்ணீர் கொஞ்சம் குறைவு, பச்சை கொஞ்சம் கூட. அடிவாரத்தை ஈரத் தூரிகையால் ஒற்றி வெளுக்கச் செய்தால் மூடுபனி வந்துவிடும். கடும்பச்சையும் இலை இலையான கீறலும் முன்னாலுள்ள மரத்துக்கு மட்டும்.

பறவை இரண்டு போடட்டுமா என்று பிள்ளை கேட்கும். மேகம் போடச் சொல்லுங்கள். தாள் தடிப்பானதாக இருக்கட்டும், கொப்பித் தாள் தண்ணீர் பட்டால் சுருங்கிவிடும்.