மகாப்ராசீரா எந்தச் சங்கிதையில் இருக்கிறது?

சற்று நீளமான பதிவு. பொறுத்துக்கொண்டு படிக்குமாறு நண்பர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

மூச்சு தொடர்பான மருத்துவச் சொற்களின் வரலாறு குறித்து நான் எழுதிய கட்டுரை ஓர் ஆய்விதழிலிருந்து திருத்தத்திற்காகத் திரும்பி வந்திருக்கிறது. மதிப்பீட்டாளர் சுட்டியவற்றில் பெரும்பாலானவை நியாயமானவை, திருத்திவிட்டேன். ஒன்றை மட்டும் செய்ய இயலாது. உதரவிதானம் பற்றிய பகுதியின் தொடக்கத்தில், இத்தசையைப் பண்டைய இந்திய மருத்துவர்கள் மகாப்ராசீரா என்ற பெயரால் அறிந்திருந்தனர் என்றும், மேலைநாட்டுப் பெயர் அதன் மொழிபெயர்ப்பே என்றும் ஒரு வாக்கியம் சேர்க்க வேண்டுமாம். சேர்த்தால் கட்டுரை ஏற்கப்படும் என்ற குறிப்பும் உடன் வந்திருக்கிறது. ஆய்வேட்டைச் சமர்ப்பிப்பதற்குள் அச்சேறிய கட்டுரை ஒன்றைக் காட்டியாக வேண்டிய நிலையில் இருப்பவனுக்கு இது சிறிய செய்தி அன்று. ஒரு வாக்கியம்தானே, எழுதிக் கொடுத்துவிட்டு வேலையைப் பார் என்கிறார்கள் நலம் விரும்பிகள். அந்த வாக்கியம் உண்மையன்று. ஆகவே எழுத மாட்டேன்.

ப்ராசீரம் என்றால் மதில். மகாப்ராசீரா பேசி என்றால் பெருமதில் தசை. (வடமொழியில் ‘பேசி’ என்பது தசை, கைப்பேசியை நினைத்துக் குழம்ப வேண்டாம்.) மார்பையும் வயிற்றையும் பிரிக்கும் தசைக்கு இப்படியொரு பெயர் சரக சங்கிதையில் இல்லை; சுசுருத சங்கிதையில் இல்லை; வாக்படரின் அஷ்டாங்க ஹிருதயத்திலும் இல்லை. அது இருக்கும் இடம், கல்கத்தாவின் கவிராஜ் கணநாத சேன் 1910களில் வடமொழியில் எழுதி வெளியிட்ட பிரத்யட்ச சாரீரம். சேன் ஆயுர்வேதம், ஐரோப்பிய மருத்துவம் இரண்டும் பயின்றவர். நேரில் கண்ட உடல் என்பதே நூலின் தலைப்பு. ஆயுர்வேத மாணவர்கள் உடற்கூற்றியலைத் தம் கல்வி மரபின் மொழியிலேயே கற்க வேண்டும் என்பதற்காக, அறுத்துப் பார்த்துக் கண்டவற்றுக்கு வடமொழிப் பெயர்களை வரிசையாக அமைத்துத் தந்தார். அந்நூலிலிருந்தே இப்பெயர் ஆயுர்வேதக் கல்லூரிகளின் பாடங்களுக்குள் பரவியது. நூறாண்டுப் புழக்கத்தில் அதன் மேல் ஒரு பழமைப் பாசி படர்ந்துவிட்டது. வடமொழியில் இருப்பதெல்லாம் பழையது என்று எண்ணும் வழக்கமும் சேர்ந்துகொள்ளவே, 20ஆம் நூற்றாண்டுக் கல்கத்தாவில் பிறந்த சொல் முனிவர்களின் சொல் ஆகிவிட்டது. சேன் தம் உழைப்பை எவர் பெயரிலும் மறைக்கவில்லை. அதை அவரிடமிருந்து பறித்துப் பெயர் தெரியாத முன்னோர் கணக்கில் எழுதுவதை மரபின் மீதான மரியாதை என்று எப்படிச் சொல்வது?

நூல்களைப் புரட்ட நேரமில்லாதவர்களுக்கு இன்னோர் எளிய சான்று உண்டு. நம் நாட்டுப் பள்ளிப் பாடநூல்களைத் திறந்து பாருங்கள். தமிழில் உதரவிதானம், அதாவது வயிற்றுக்கு மேலே கட்டிய மேற்கட்டி. வங்காளத்தில் மத்யச்சதா, நடுவில் நின்று மூடுவது. மராத்தியில் சுவாசபடல், மூச்சுப் படலம். குஜராத்தியில் உரோதரபடல், மார்புக்கும் வயிற்றுக்கும் இடைப்பட்ட படலம். கன்னடத்தில் வபெ. மலையாளத்தில் மட்டும் ப்ராசீரம், சேனின் அதே மதில். தமிழ்ச் சொல் உருவத்தைப் பிடித்திருக்கிறது. தளர்ந்திருக்கும்போது இத்தசை கவிகைபோல் மேல்நோக்கி வளைந்துதான் நிற்கும், சுருங்கும்போது தட்டையாகிக் கீழிறங்கும். மராத்தி தொழிலைப் பிடித்திருக்கிறது, குஜராத்தி இடத்தை. எல்லாமே வடமொழி வேர்களால் ஆன சொற்கள். வடமொழியிலிருந்து கடன் வாங்க இவற்றுள் எதுவும் தயங்கியதில்லை. பண்டைக் காலம்தொட்டு வழங்கிய ஒரு பெயர் கையருகே இருந்திருந்தால், இத்தனை மொழியினரும் ஆளுக்கொரு உவமையைத் தேடி ஏன் அலைந்தார்கள்? இதயத்திற்கும் கல்லீரலுக்கும் இந்த அலைச்சல் நேரவில்லையே. ஹிருதயம் என்றும் யகிருத் என்றும் இவற்றுள் பல மொழிகளில் ஒரே பெயர் செல்கிறது. பெயர்களின் இந்தச் சிதறலே, தசைக்குப் பெயர் சூட்டும் தேவை அண்மையில்தான் எழுந்தது என்பதைக் காட்டுகிறது.

கன்னடச் சொல்லைச் சற்று நின்று பார்க்க வேண்டும். வபா என்பது வேதச் சடங்கு நூல்களில் வரும் உண்மையான பழஞ்சொல். வேள்விப் பசுவின் வயிற்றிலிருந்து எடுத்துத் தீயில் இடும் கொழுப்புச் சவ்வு அது. குடலின் முன்னே திரைபோலத் தொங்குவது. உதரவிதானமோ அதற்கு மேலே, வேறு உறுப்பு. கன்னடப் பாடநூலார் அப்பழஞ்சொல்லைப் புதிய பொருளுக்கு எடுத்தாண்டார்கள். அதில் குற்றமில்லை, ஒரு மொழி தன் சொற்களை அப்படித்தான் புதுப்பிக்கும். ஆனால் நாளை ஒருவர் இன்றைய கன்னடப் பொருளை எடுத்துக்கொண்டு வேதகால மக்கள் உதரவிதானத்தை வெட்டியெடுத்து ஆராய்ந்தார்கள் என்று எழுதினால் என்ன சொல்வோம்? என்னிடம் கேட்கப்பட்டிருக்கும் வாக்கியம் அதைவிட மோசமானது. அங்கே சொல்லாவது பழையது.

அப்படியானால் நம் முன்னோர் ஒன்றும் அறியாதவர்கள் என்கிறாயா என்று உடனே ஒரு கேள்வி எழும். நான் சொல்வது அதன்று. சரகரின் சிகிச்சா ஸ்தானத்தில் 17ஆம் அத்தியாயம் முழுவதும் விக்கலும் மூச்சிரைப்புமே. விக்கலை ஐந்து வகையாகவும் மூச்சிரைப்பை ஐந்து வகையாகவும் பிரித்து, எது தானே தணியும், எது உயிரைக் கொண்டுபோகும் என்று நோயாளியின் படுக்கையருகே இருந்து பார்த்தவரின் துல்லியத்துடன் அது பேசுகிறது. விக்கல் உதரவிதானத்தின் துடிப்பு என்று இன்று சொல்கிறோம். சரகர் அதைக் கபத்தால் தடைபட்ட வாயுவின் செயலாக விளக்கினார். தசையை நடுவில் வைக்காமலேயே அதன் தொழிற்கேட்டை இவ்வளவு நுணுக்கமாக வகைப்படுத்தியிருக்கிறாரே, அதுவன்றோ ஆராயப்பட வேண்டியது? மகாப்ராசீரா என்ற சீட்டை அதன் மேல் ஒட்டிவிட்டால் அந்தக் கேள்வியே எழாமல் போய்விடும். சரகர் நம் பாடநூலைச் சற்று முன்கூட்டியே எழுதியவராகச் சுருங்கிவிடுவார்.

சுசுருதரும் அப்படியே. பிணத்தை ஓடும் நீரில் ஏழு இரவுகள் ஊறவைத்து, பின் மெல்லத் தேய்த்துத் தோல் முதலாக அடுக்கடுக்காகக் காணச் சொல்கிறார். கத்தியால் அறுப்பதிலிருந்து வேறான இம்முறை எவற்றைத் தெளிவாகக் காட்டும், மெல்லிய வளைதசை போன்ற எவற்றைக் குலைத்துவிடும் என்பது நல்ல ஆய்வுக்குரிய வினா. இதயத்தின் கீழே வலப்பக்கம் கல்லீரலோடு க்லோமம் என்றோர் உறுப்பையும் அவர் சொல்கிறார். அதைக் கணையம் என்பாரும், வலப்பக்க நுரையீரல் என்பாரும், பித்தப்பை என்பாரும், மூச்சுக்குழல் என்பாரும் உண்டு. பழைய நூலில் சான்றோடு நிற்கும் சொல்லுக்கே பொருள் துணிய இயலாமல் திணறுகிறோம். இல்லாத சொல்லுக்குப் பொருள் சொல்வதில் எவ்வளவு துணிவு!

மேலைப் பெயரின் கதையையும் மதிப்பீட்டாளர் தலைகீழாக்கியிருக்கிறார். டயாஃபிராக்மா என்ற கிரேக்கச் சொல்லுக்குக் குறுக்கே இட்ட தடுப்பு என்று பொருள். பிளேட்டோ தம் திமேயஸ் உரையாடலில், ஒரு வீட்டில் ஆடவர் பகுதியையும் பெண்டிர் பகுதியையும் பிரிக்கும் தடுப்போடு அதை ஒப்பிடுகிறார். ஆக, எது எதன் மொழிபெயர்ப்பு என்று கேட்டால், சேனின் மதில் அந்தக் கிரேக்கத் தடுப்பின் சாயல் என்றே எனக்குத் தோன்றுகிறது. கிரேக்கர்களிடம் இத்தசைக்கு ஃபிரேனெஸ் என்று இன்னும் பழைய பெயர் ஒன்றும் இருந்தது. மனம், அறிவு என்ற பொருளும் அதற்கு உண்டு. ஹோமர் அச்சொல்லால் குறித்தது நுரையீரலையே என்று 1951இல் ஆனியன்ஸ் ஒரு பெருநூலில் வாதிட்டார். அதற்கெல்லாம் முன்பே, ஹிப்போகிரட்டிஸ் பெயரில் வழங்கும் ‘புனித நோய்’ என்ற நூலின் ஆசிரியர், இத்தசைக்கு அப்பெயர் தற்செயலாலும் வழக்காலும் வாய்த்ததே அன்றி உண்மையால் அன்று, சிந்திப்பது மூளையே என்று தம் மொழியின் மதிப்புமிக்க சொல்லையே மறுத்து எழுதினார். அதனால் கிரேக்க மருத்துவத்தின் பெருமை குறைந்ததாக எவரும் சொல்லவில்லை. இத்தசையை இயக்கும் நரம்பு அப்பெயராலேயே இன்றும் ஃபிரெனிக் நரம்பு என்று வழங்குகிறது. அது சிந்திக்கிறது என்று எந்த ஆய்விதழும் வாக்கியம் கேட்பதில்லை.

மதிப்பீட்டாளருக்கான பதிலை நேற்றிரவு அனுப்பிவிட்டேன். கணநாத சேனின் பெயரையும் நூலையும் காலத்தையும் சொல்லும் ஒரு வாக்கியத்தைச் சேர்த்திருக்கிறேன். கேட்ட வாக்கியம் இல்லை. சங்கிதைகளில் இப்பெயர் வரும் இடத்தை எவரேனும் ஸ்தானம், அத்தியாயம், சுலோக எண்ணோடு காட்டினால், கட்டுரையையும் இந்தப் பதிவையும் அன்றே திருத்துகிறேன். எண்ணோடு மட்டும் வாருங்கள்.