வாங்கிக் கொடுத்தது யார்?

காஞ்சிபுரத்திலிருந்து வேலூர் போகும் தேசிய நெடுஞ்சாலையில், பாலுச்செட்டிச் சத்திரத்தை ஒட்டி இருக்கிறது திருப்புட்குழி. இப்படிப்பட்ட நெடுஞ்சாலையோர ஊர்களில் பிளஸ் டூ பையனின் பிறந்தநாள் எப்படி நடக்கிறது என்பது ஊருக்கே தெரியும். பெற்ற வீட்டுக்குத்தான் கடைசியில் தெரியவரும். பைக் சீட்டின் மேல் கேக், பம்ப் செட் ஓரமாக நாலைந்து பிளாஸ்டிக் டம்ளர், தண்ணி பாக்கெட், மிக்சர். பாட்டில் வாங்கி வந்தவன் செட்டிலேயே மூத்தவன். வயது பத்தொன்பது, தாடி வேறு. கடையில் யாரும் எதுவும் கேட்டிருக்க மாட்டார்கள்.

சட்டம் முதலில் தேடுவது அந்தத் தாடிக்காரனைத்தான். சிறார் நீதிச் சட்டம் 2015-இன் 77-ஆம் பிரிவு, பதினெட்டு வயது நிரம்பாத ஒருவருக்கு மது கொடுப்பவருக்கும் கொடுக்க வைப்பவருக்கும் ஏழு ஆண்டு வரை கடுங்காவல், ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் என்கிறது. தமிழ்நாட்டில் மது வாங்கும் வயது 21. ஆகவே அவன் தனக்கே வாங்கியிருக்கக் கூடாது. ஆனால் பதினெட்டு முடிந்துவிட்டதால் சிறார் என்ற சலுகை அவனுக்குக் கிடையாது. பதினாறு வயது நண்பன் ஆலோசனையோடு வீடு திரும்ப, 'ட்ரீட்' கொடுத்தவன் கோர்ட்டுக்கு அலைய நேரலாம். பள்ளிக்கூடங்களில் போதை ஒழிப்பு உறுதிமொழி எடுக்க வைக்கிறார்கள். ஆனால் வாங்கிக் கொடுப்பவனுக்குத்தான் தண்டனை என்பதை எடுத்துச் சொல்வோர் குறைவு.

அடுத்த இடத்தில் பெற்றோர். "வெளியே போய்க் கெட்டுப்போவதைவிட நம்ம கண்ணெதிரே ஒரு பீர் குடிக்கட்டுமே" என்று சொல்லும் அப்பாக்கள் உண்டு. காதுகுத்திலும் கெடா வெட்டிலும் மாமனும் சித்தப்பாவும் சிறுவன் கையில் டம்ளரைத் திணித்துச் சிரிப்பதும் உண்டு. சட்டம் இதற்கெல்லாம் விலக்கு தரவில்லை. உரிய மருத்துவர் எழுதிக் கொடுத்தால் தவிர, யார் கொடுத்தாலும் குற்றமே. 2015-இல் திருவண்ணாமலை மாவட்டத்தில் நாலு வயதுக் குழந்தைக்கு மது புகட்டும் வீடியோ பரவியபோது கைதானவர்களில் உறவினரும் இருந்தார். பொறுப்பில் உள்ளவர் வேண்டுமென்றே பிள்ளையைக் கவனியாமல் விட்டால் 75-ஆம் பிரிவும் சேரும். குடித்த சிறுவனை இந்தச் சட்டம் குற்றவாளியாகப் பார்ப்பதைவிடப் பாதுகாப்பு தேவைப்படுகிறவனாகவே பார்க்கிறது. அது சரியான பார்வை.

குடித்தவன் வண்டியை எடுத்துவிட்டால் கதையே வேறு. புனேயில் 2024 மே 19 அதிகாலை, இரண்டு பார்களில் நண்பர்களோடு இருந்துவிட்டு, பதினேழு வயதுச் சிறுவன் ஓட்டிய போர்ஷே கார் பைக்கில் மோதியதில் இரண்டு இளம் மென்பொருள் பொறியாளர்கள் இறந்தார்கள். முன்னூறு வார்த்தையில் கட்டுரை எழுதச் சொல்லி சிறார் நீதி வாரியம் ஜாமீன் கொடுத்தது நாடு முழுக்கக் கேலிக்குள்ளானது. அந்தக் கேலியில் பலர் கவனிக்கத் தவறியது, அடுத்தடுத்துக் கைதான பெரியவர்களின் வரிசை: அப்பா, பார்க்காரர்கள், தாத்தா, ரத்த மாதிரியை மாற்றியதாக மருத்துவர்கள், தன் ரத்தத்தைக் கொடுத்ததாக அம்மா. அந்தச் சிறுவனை உயர் நீதிமன்றம் அடுத்த மாதமே விடுவித்தது. 2025 ஜூலையில், அவனைப் பெரியவனாகக் கருதி விசாரிக்கக் கேட்ட மனுவையும் வாரியம் தள்ளியது.

போர்ஷே நமக்கு எதற்கு, வீட்டு ஸ்கூட்டி போதும். 2019 செப்டம்பர் முதல் அமலில் உள்ள மோட்டார் வாகனச் சட்டம் 199ஏ-யின்படி, சிறார் ஓட்டிக் குற்றம் நடந்தால் பாதுகாவலருக்கோ வண்டி உரிமையாளருக்கோ மூன்று ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். வண்டியின் பதிவு ஓராண்டு ரத்து. பையனுக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. "எனக்குத் தெரியாமல் சாவியை எடுத்துப் போய்விட்டான்" என்று சொன்னால் மட்டும் போதாது, அப்பாதான் அதை நிரூபிக்க வேண்டும். இன்சூரன்ஸ் கம்பெனி இழப்பீட்டைக் கட்டினாலும், லைசென்ஸ் இல்லாதவன் ஓட்டினான் என்று சொல்லி அந்தத் தொகையை உரிமையாளரிடம் வசூலிக்க வழியுண்டு. அரை ஏக்கர் நிலம் போய்விடும்.

இவ்வளவு கடுமை ஏட்டில் இருந்தும் 77-ஆம் பிரிவு பெரிய விபத்துகளின்போதுதான் செய்தியில் அடிபடுகிறது. ஒரு காரணம் 2021-இல் நாடாளுமன்றம் செய்த திருத்தம். மூன்று முதல் ஏழு ஆண்டு வரை தண்டனைக்குரிய இச்சட்டக் குற்றங்களை, மாஜிஸ்திரேட் அனுமதியின்றிப் போலீஸ் விசாரிக்க முடியாதவையாக அது மாற்றிவிட்டது. கூடவே வேறு பெரிய குற்றமும் இருந்தால் தடையில்லை. அதாவது, உயிர் போன பிறகு சட்டம் வேகமெடுக்கும். பம்ப் செட் ஓரத்தில் நடக்கும் விருந்தின்போது இல்லை. ஏழாண்டுத் தண்டனையை எழுதி வைத்துவிட்டு எஸ்.ஐ.யின் கையைக் கட்டிப்போடுவது என்ன கணக்கோ!

இன்னொரு காரணம் கடை. இங்கே 2003 முதல் சில்லறை மது விற்பனை டாஸ்மாக்கின் கையில்தான் இருக்கிறது. 2022 மார்ச்சில் செங்கல்பட்டு பக்கம் சீருடையணிந்த மாணவ மாணவியர் ஓடும் பேருந்தில் பீர் குடித்த வீடியோ வந்தபோது, பிள்ளைகளைத் திட்டாதவர் இல்லை. அந்த பாட்டிலை விற்றது யார் என்று அவ்வளவு பேர் கேட்கவில்லை. நீதிமன்றம் வற்புறுத்தியதால் இன்று பல மாவட்டங்களில் சேல்ஸ்மேன் பாட்டிலில் ஸ்டிக்கர் ஒட்டி, காலியானதைத் திரும்ப வாங்கிப் பத்து ரூபாய் எண்ணிக் கொடுக்கிறார். வயதைக் காட்டும் அட்டையைக் கேட்க அதைவிடக் குறைந்த நேரமே ஆகும். 77-ஆம் பிரிவில் போலீஸ் நேரடியாக வழக்குப் பதிய வைப்பது டெல்லியின் வேலை. அட்டையைக் கேட்க வைக்கச் சென்னையிலிருந்து ஒரு சுற்றறிக்கையும், மீறும் கடை மீது நடவடிக்கையும் போதும்.