சவுண்ட் கார்டைத் தூக்கிப் போடும் முன்...

 

கம்ப்யூட்டரில் விண்டோஸை மாற்றிய பிறகு சவுண்ட் கார்டு மக்கர் செய்தால், "கார்டு பழசு, புதுசு வாங்கிடுங்க" என்று சொல்வது வழக்கமாகிவிட்டது. எனக்கும் கடையில் அதே பதில்தான். நான் ஏற்கவில்லை.

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதி முடிந்ததால் நம்மில் பலர் 11-க்கு மாறினோம். சிலர் லினக்ஸுக்குப் போனார்கள். என்னிடம் இருப்பது யூ.எஸ்.பி.யில் செருகும் சின்ன கார்டு. பள்ளி ஆண்டுவிழா கேசட்டுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவதற்காக வாங்கியது. 24 பிட்டில் பதிவு செய்துகொண்டிருந்தது, 11-க்கு மாறியதும் 16-க்கு இறங்கிவிட்டது. கார்டு கம்பெனி புது டிரைவர் தரவில்லை. விண்டோஸில் இருக்கும் பொது டிரைவர்தான் அதை ஓட்டுகிறது.

பிட் என்றால் ஒலியை அளக்கும் ஸ்கேலில் எத்தனை கோடுகள் என்ற கணக்கு. 16 பிட்டில் 65,536 கோடுகள். 24 பிட்டில் 1,67,77,216.

முதலில் சவுண்ட் செட்டிங்ஸில் அந்த மைக் அல்லது லைன்-இன்னைத் திறந்து 'ஃபார்மட்' பட்டியலைப் பாருங்கள். அதில் 24 பிட் இருந்தால் கார்டு நன்றாகவே இருக்கிறது, தேர்ந்தெடுத்தால் போதும். என் பட்டியலில் இருந்தது.

அதோடு முடியவில்லை. ஆடாசிட்டியைப் புதிதாக நிறுவினால், 'ஹோஸ்ட்' என்ற இடத்தில் எம்.எம்.இ. என்று இருக்கும். அந்த வழியில் 16 பிட்தான் வரும். வாசாபி என்று மாற்றினால்தான் 24 வரும். மாற்றாமல் 24 பிட் கோப்பாகச் சேமித்தால், கோப்பு 24 என்றே காட்டும். சென்டிமீட்டர் கோடு மட்டும் உள்ள ஸ்கேலில் அளந்துவிட்டு 7.00 செ.மீ. என்று எழுதினால் சிவப்பு மையில் சுழிப்பேனே, நினைவிருக்கிறதா? அதே கதைதான் இது. கோப்பு சொல்லும் எண்ணை அப்படியே நம்பாதீர்கள்.

இதற்கு நேர்மாறாக, லினக்ஸுக்குப் போன உறவுக்காரப் பையன் "32 பிட்னு காட்டுது பெரியம்மா, கெட்டுப்போச்சா?" என்று போன் செய்தான். ஒன்றும் கெடவில்லை. முக்கால் கிலோ அரிசியை ஒரு கிலோ டப்பாவில் போட்ட மாதிரி, 24 பிட்டை 32 பிட் இடத்தில் வைத்து அனுப்புகிறது.

சரி, 24 இல்லாவிட்டால்தான் என்ன? 1982-இல் வந்த சி.டி.யே 16 பிட்தான். 16 பிட்டில் சுமார் 96 டெசிபல் வரை இடம் உண்டு. நம் வீட்டு சாதாரண கேசட் 60 டெசிபலைத் தாண்டுவதே அரிது. 24-இன் நன்மை பதிவு செய்யும்போதுதான்: சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொள்ளலாம், யாராவது திடீரென்று மைக்கில் கத்தினாலும் பிசிறு அடிக்காது. நல்ல வசதிதான், ஆனால் அது இல்லை என்பதற்காக வேலையை நிறுத்தி வைக்க வேண்டியதில்லை.

ஏனென்றால் கேசட் நமக்காகக் காத்திருக்காது. நாடாவை ஹெட்டோடு அழுத்திப் பிடிக்கும் சின்னக் கம்பளித் துண்டு, பசை காய்ந்து விழுகிறது. டேப் ரிக்கார்டரின் ரப்பர் பெல்ட் தளர்ந்துவிடுகிறது. "டிரைவர் சரியானதும் ஏத்திக்கிறேன் டீச்சர்" என்று சொன்ன ஒருவரிடம் அவர் அப்பா பேசிய ஒரே கேசட் இருக்கிறது. தம்பி, 16 பிட்டிலேயே இன்றைக்கு ஏற்றிவிடு. டிரைவர் எப்போது வேண்டுமானாலும் வரட்டும்.

புது கார்டு வாங்கியே ஆக வேண்டுமென்றால், தனி டிரைவர் கேட்காத 'கிளாஸ் கம்ப்ளையன்ட்' வகையா என்று கேட்டு வாங்குங்கள். யூ.எஸ்.பி. ஆடியோ 2-க்கான டிரைவரை விண்டோஸே 2017 முதல் தன்னோடு வைத்திருக்கிறது. சாஃப்ட்வேர் கம்பெனிகளில் இருக்கும் என் மாணவர்களுக்கு ஒரு வார்த்தை: ஒரு சாதனத்துக்கு டிரைவர் தருவதை உங்கள் கம்பெனி நிறுத்தினால், அதன் விவரங்களையாவது வெளியிடச் சொல்லுங்கள். நல்ல பொருள் குப்பைக்குப் போகக் கூடாது.

இந்த வாரம் 1996 ஆண்டுவிழா வில்லுப்பாட்டு கேசட்டை ஏற்றுகிறேன். குடம் அடித்தவர்கள், பின்பாட்டுப் பாடியவர்கள் உங்கள் பெயரைக் கமென்டில் எழுதுங்கள். கோப்போடு சேர்த்து வைக்கிறேன்.