நரம்பின் இடைவெளிக்கு ஒரு பெயர்

நரம்பினைத் தந்திக் கம்பிக்கு உவமை கூறுதல் நம்மவரிடைப் பெருவழக்கு. தந்திச் சேவை இந்நாட்டில் 2013-ஆம் ஆண்டிலேயே நின்றுவிட்டது. உவமையோ இன்னும் நின்றபாடில்லை. அவ்வுவமை பொருந்தாதென்பதும், அப்பொருந்தாமைக்கு நாம் வழங்கும் கலைச்சொல்லும் துணை செய்கின்றதென்பதும் என் கருத்து.

கம்பியாயின் இடையறாது செல்லவேண்டும். நரம்பணுக்களோ தனித்தனியே நிற்பவை. இதனை வற்புறுத்தியவர் ஸ்பெயின் நாட்டுக் கஹால். இத்தாலி நாட்டுக் கோல்ஜியோ, நரம்பெல்லாம் ஒன்றாய்ப் பின்னிய வலை என்றார். 1906-இல் நோபெல் பரிசினை இருவரும் பகிர்ந்துகொண்டனர். அப்பரிசு பெற்றபொழுது ஆற்றிய பேருரையிலும் கோல்ஜி தம் கொள்கையை விட்டாரில்லை! 1950-க்குப் பின்னரே எலெக்ட்ரான் நுண்ணோக்கி அவ்விடைவெளியைத் தெளிவாகக் காட்டிற்று. ஒரு மில்லிமீட்டரை ஐம்பதினாயிரம் கூறிட்டால் ஒரு கூறு எவ்வளவோ, ஏறத்தாழ அவ்வளவே அதன் அகலம்.

அதனைச் செய்தி கடப்பது எங்ஙனம்? ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில் ஆட்டோ லேவி என்பார் தவளையின் இதயங்கள் இரண்டை எடுத்துக்கொண்டார். ஒன்றின் நரம்பைத் தூண்ட, அதன் துடிப்புத் தளர்ந்தது. அதனைச் சூழ்ந்திருந்த நீரை மற்றோர் இதயத்தில் வார்த்தார். எந்நரம்பும் தூண்டப்படாத அவ்விதயமும் தளர்ந்தது. நரம்பு ஒரு பொருளைச் சுரக்கின்றது என்பது 1921-இல் இவ்வாறு வெளியாயிற்று. அப்பொருளே அசிட்டைல்கோலின். மின்விசை அணுவின் முனையை அடைந்தவுடன் ஆங்குள்ள நுண்சிமிழ்கள் திறக்கின்றன. பொருள் இடைவெளியைக் கடந்து அக்கரையிலுள்ள ஏற்பிகளைப் பற்றுகின்றது. பின்னர் ஒரு நொதி அதனைச் சிதைத்துவிடுகின்றது. சிற்சில இடங்களில் மின்விசை நேரே பாய்வதும் உண்டு; எனினும் பெரும்பான்மை இதுவே.

இச்சிதைவு நிகழாவிடின் யாதாகும்? ஆர்கனோபாஸ்பேட்டு வகைப் பூச்சிக்கொல்லி அந்நொதியையே முடக்குகின்றது. தசைகள் ஓயாது துடித்து, சோர்ந்து, இறுதியில் மூச்சும் நின்றுபோகக் கூடும். அந்நஞ்சு உழவர் மனைகளில் இறவாணத்திலேயே செருகிக் கிடக்கின்றது. அது உடலில் செய்வதை உற்றார்க்கு விளக்கப் புகும் மருத்துவர், கம்பியை உவமை காட்டி விளக்கல் இயலாது.

இனிப் பெயரைக் காண்போம். 'சினாப்ஸ்' என்னும் சொல் 1897-இல் ஷெரிங்டன் வழங்கியது. அதனை அவருக்கு எடுத்துக் கொடுத்தவர் கேம்பிரிட்ஜில் யூரிபிடீஸின் நாடகங்களை ஆய்ந்த வெரால் என்னும் கிரேக்கப் புலவர். இலக்கியம் பயில்வோர்க்கு இவ்விஷயத்தில் என்ன வேலை என்று நகைப்போர் இதனை நினைவிற் கொள்வாராக. அச்சொற்குப் பற்றிக்கோடல் என்பது பொருள். இடைவெளி கண்ணுக்குப் புலனாகாத காலத்துச் சொல் அது. நாமோ அதனை 'நரம்பிணைப்பு' என்று பெயர்த்தோம். கிரேக்கச் சொல்லின் பொருள் வந்தது. கண்ட பொருளின் இயல்பு வந்திலது.

'நரம்புத்துறை' என்பதே முதற்கண் என் உள்ளத்தில் எழுந்தது. இக்கரைப் பொருளை ஓடம் அக்கரை சேர்க்குமிடம் துறையன்றோ? ஆனால் அப்பெயரைக் கேட்போர் மருத்துவமனையின் நரம்பியல் துறையென மயங்குவர். ஆகலின் 'நரம்புக் கடவு' எனலாம். கடவுச்சீட்டு என்பதில் யாவரும் அறிந்த சொல்லே அது. அறிவியல் பயிலும் அன்பர்கள் இதனினும் நல்லதொன்று கூறின் மகிழ்ந்து ஏற்பேன். 'இணைப்பு' என்பதை மட்டும் ஏற்கேன்.